ஆறாவது கையெழுத்து

பெரியவர் காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். நிமிரவில்லை.

மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கட்சியின் மேல்மட்டக் குழுவைச் சேர்ந்த பதினொரு பேரும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேரவில்லை. மாடியில் அவருடைய மகள் அழுவது கீழே கேட்டது. ஒருவர் எழுந்துபோய், சத்தம் வராதபடி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த நாட்டில் ஆளும் கட்சிக்கு யார் தலைவரோ அவரே அரசுக்கும் தலைவர். பெரியவர் விட்டுப்போன நாற்காலியை ஒரு நாள்கூடக் காலியாக வைக்க முடியாது. அதற்கு ஆசைப்பட்ட இரண்டு பேர் மேசையின் இரண்டு முனைகளிலும் இருந்தார்கள். ஒருவர் சட்ட அமைச்சர். எல்லோரும் அவரை வக்கீல் என்றே சொல்வார்கள். மற்றவர் கொறடா. சபையில் கட்சிக்காரர்கள் எந்தப் பக்கம் கை தூக்க வேண்டும் என்று சொல்கிறவர், தூக்காதவர்களைக் கவனித்துக்கொள்கிறவரும் அவரே. இருவரும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் தன் ஆட்களோடு வெளியேறுவார்; ஆட்சி கவிழும். இது மேசைமேல் இருந்த தண்ணீர் ஜாடிக்குக்கூடத் தெரியும்.

மூன்று மணி நேரம் இழுத்தது. அதுவரை வாய் திறக்காமல் இருந்த அச்சகக்காரர் கடைசியில் சொன்னார்: "ஆறு மாசத்துக்கு நம்ம மாட்டு டாக்டர் இருக்கட்டுமே."

மாட்டு டாக்டர் என்பது பட்டப்பெயர் இல்லை, பழைய தொழில். இருபத்தைந்து வருடம் ஊர் ஊராகப் போய்க் கால்நடைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். பிறகு கட்சியில் சேர்ந்து, கால்நடைத் துறைக்கு அமைச்சராகி, யார் வம்புக்கும் போகாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பெயரை முன்மொழிந்த அச்சகக்காரர் அவருடைய மனைவியின் தம்பி. ஆனாலும் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் மூச்சு வந்த மாதிரி இருந்தது. அவருக்கு எதிரியே கிடையாது என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். கூட்டாளியும் கிடையாது என்பதை ஒருவரும் சொல்லவில்லை, தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான்.

ஆறு மாதத்தில் கட்சி உறுப்பினர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டுப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதுவரை டாக்டர் தற்காலிகத் தலைவர். கூட்டம் கலைந்ததும் வக்கீல் அவரைக் கை கழுவும் இடத்துக்கு அழைத்துப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பை நிதானமாகத் தேய்த்துக்கொண்டே, அந்தத் தேர்தலில் நீங்கள் நிற்க மாட்டீர்கள்தானே என்று கேட்டார். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு எதற்கு அதெல்லாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னார். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். சாட்சிகள் சொல்வதை இருபத்தாறு வருடமாக எழுதி வருகிறவள்.

"எழுதிக் குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. வாயாலதான்."

"அப்ப பதிவுல இல்ல." தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "பதிவுல இல்லாததத்தான் ஜனங்க ரொம்ப நாள் ஞாபகம் வச்சுக்குவாங்க," என்றாள்.

முதல் மாதம் மரியாதைக்குக் குறைவில்லை. லிப்டை அவருக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். தலைமைச் செயலாளர் நெட்டையான மனிதர். எத்தனை முறை உட்காரச் சொன்னாலும் உட்காராமல், கைகளை முன்னால் கோத்தபடி நின்றே பேசுவார். இரங்கல் செய்தி, கொடியை எத்தனை நாள் இறக்கி வைப்பது, ஒரு பாலத்துக்குப் பெரியவரின் பெயர் வைப்பது ஆகிய கோப்புகள் மளமளவென்று வந்தன. பெரிய விஷயங்கள் எதுவும் வரவில்லை. காரணம் கேட்டதற்கு, புதுத் தலைவர் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டத் துறையில் ஒரு அபிப்பிராயம் இருப்பதாகத் தலைமைச் செயலாளர் பணிவாகச் சொன்னார். தலைவரின் முகத்தைப் பார்த்தே 'புதுத் தலைவர்' என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இல்லாததுதான் டாக்டருக்கு உறுத்தியது.

பெரியவரின் மேசை வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக் கிடந்தது. அதை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னார். இரண்டு பேர் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவே இல்லை. அச்சகக்கார மச்சானிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "வாடகை வீட்டுல ஆணி அடிக்க விடுவாங்களா, அத்தான்?"

இரண்டாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் டாக்டரிடம் முன்பு உதவியாளராக வேலை பார்த்த பெண் கால்நடை மருத்துவர். மலையடிவாரத்துப் பள்ளத்தாக்கில் இருந்தார். மாடுகள் ஒரு தினுசாகச் சாகின்றன, நீங்கள் ஒருமுறை பார்த்தால் நல்லது என்று மட்டும் எழுதியிருந்தார். டாக்டர் மறுநாள் காலையிலேயே கிளம்பிப் போனார்.

தொழுவத்தில் ஒரு செவலைப் பசு சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. நகரவில்லை. கண்கள் திறந்திருந்தன; முன்னால் கையை வீசியும் இமைக்கவில்லை. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் தொழுவம் முழுக்கக் கேட்டது. டாக்டர் வேட்டைக்கு வந்தவரைப் போல ஓசைப்படாமல் பக்கத்தில் போய் அதன் கழுத்தில் கை வைத்தார். தோலுக்கடியில் தசை துடித்துக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து வருடத்தில் இரண்டே முறை இதைப் பார்த்திருக்கிறார். ஈய விஷம்.

வெளியே வந்து பார்த்தார். காற்று வரும் திசையில் ஒரு புகைபோக்கி. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கும் ஆலை. புல்லின் மேல் விரலை இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஒட்டியது.

"பால் எங்க போகுது?" என்று கேட்டார்.

பெண் மருத்துவர் அடிவாரத்துப் பக்கம் கையைக் காட்டினார். "மூணு பள்ளிக்கூடத்துக்கு, சார்," என்றார்.

அன்று மாலையே டாக்டர் ஆணையைத் தன் கையால் எழுதினார். ஆலையைத் தொண்ணூறு நாள் மூட வேண்டும். பள்ளத்தாக்கில் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தேதி போட்டுக் கையெழுத்திட்டார். தலைமைச் செயலாளர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

கிணற்றில் போட்ட கல் என்பார்கள். கல்லாவது விழுந்த சத்தம் கேட்கும். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. புகை நிற்கவில்லை என்று பெண் மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். டாக்டர் மாவட்ட அதிகாரியை அழைத்தார். சட்டத் துறை ஒப்புதல் வரவில்லை என்றார் அவர். சட்டத் துறையை அழைத்தார். தற்காலிகத் தலைவர் போட்ட ஆணை நீதிமன்றத்தில் நிற்குமா என்று ஆராய்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். வக்கீலை நீக்கலாமென்றால் அவர் ஆட்கள் வெளியே போவார்கள், ஆட்சி விழும். தலைமைச் செயலாளரை மாற்றலாமென்றால் மேல்மட்டக் குழு சம்மதிக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும், தன்னை உட்கார வைத்தவர்களின் கையிலேயே போய் முடிந்தது.

பள்ளத்தாக்கு கொறடாவின் தொகுதி. அவர் ஒரு நாள் நேரிலேயே வந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார். ஆலையில் அறுநூறு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு மாதத்துக்கு வந்த ஒருவர் அறுநூறு வீட்டு அடுப்பை அணைக்கலாமா, அடுத்து வருகிறவர் யோசித்துச் செய்யட்டுமே என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, டாக்டரின் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

மந்தையில் ஒரு மாடு நோயில் விழுந்தால் மற்ற மாடுகள் அதை முட்டுவதில்லை. அதன் பக்கத்தில் மேய்வதை மட்டும் நிறுத்திவிடும். டாக்டர் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். கொறடா போன பிறகு அது அவருக்கு ஞாபகம் வந்தது.

அந்த வாரக் கடைசியில் மனைவியிடம் சொன்னார்: தேர்தலில் நிற்கப் போகிறேன். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு எவனும் ஆணையை அமுக்க முடியாது.

அவள் மறுநாளைக்கான பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள். "சொன்ன சொல்லு?"

"பதிவுல இல்லன்னு நீதான சொன்ன?"

அவள் சிரிக்கவில்லை. "அத நான் உங்களுக்குத் தப்பிக்க வழியா சொல்லல," என்றாள்.

திங்கட்கிழமை அறிவித்தார். புதன்கிழமைப் பத்திரிகைகளில் ஒரே புகைப்படம்: வக்கீலும் கொறடாவும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், இருவர் வாயிலும் சிரிப்பு. இரண்டு வருடப் பகையை டாக்டர் இரண்டு நாளில் தீர்த்து வைத்திருந்தார். பத்திரிகையைக் கொண்டுவந்த மச்சான், "எலியும் பூனையும் ஒண்ணா சேந்தா கடைக்காரன் கதி அவ்வளவுதான், அத்தான்," என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். பழைய டிரைவருக்குப் பதிலாக முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். எங்கே போகிறோம் என்று கேட்காமலே வண்டியை எடுத்தார். வாசலில் நான்கு காவலர்கள் நின்ற இடத்தில் இரண்டு பேர், பிறகு ஒருவர். தாழ்வாரத்தில் எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுச் சட்டென்று பக்கத்து அறைக்குள் நுழைந்தார்கள். அந்த அறையில் அவர்களுக்கு ஒரு வேலையும் இருக்காது.

டாக்டர் மாவட்டம் மாவட்டமாகப் போனார். முதல் இரண்டு ஊர்களுக்கு மச்சானும் கூட வந்தார். பிறகு அச்சகத்தில் வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டார். மண்டபங்களில் பாதி நாற்காலிகள் விரிக்கப்படாமலே சுவரோரம் சாய்ந்திருந்தன. வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், மரியாதையாகக் கை தட்டினார்கள். ஓர் ஊரில், முப்பது வருடமாகக் கட்சியில் இருக்கும் தையல்காரம்மா ஒருவர், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் கடையிலிருந்து நேரே வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அவர் டாக்டரிடம் வந்தார்.

"நீங்க நல்லவருன்னு தெரியுது, டாக்டர். ஆனா உங்கள நாங்க யாரும் ஏத்தி வைக்கல. வக்கீலுக்கு நான் ரெண்டு தடவ ஓட்டு போட்டிருக்கேன். நாளைக்கு அவர இறக்குனா நான் ஏமாந்தவ ஆயிடுவேன், அதனால சண்டைக்குப் போவேன். உங்கள இறக்குனா எனக்கு என்ன போகுது?"

டாக்டர் மாடுகளைப் பற்றிச் சொன்னார். சுவரில் முட்டிக்கொண்டு நின்ற பசுவை, புல்லில் ஒட்டிய சாம்பலை, பள்ளிக்கூடங்களுக்குப் போகும் பாலைச் சொன்னார். தையல்காரம்மா கடைசி வரை கேட்டார்.

"இதச் சொல்லத்தான் வந்தீங்களா, இல்ல ஓட்டு கேக்க வந்தீங்களா?"

மேடையில் அரை மணி நேரம் பேசியிருந்தார். அதில் பள்ளத்தாக்குக்கு ஒதுக்கியது இரண்டே நிமிடம். மற்றதெல்லாம் தன்னைப் பற்றியது. காரில் திரும்பும்போதுதான் அது அவருக்கு உறைத்தது.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தலைமைச் செயலாளர் அறைக்குள் வந்தார். யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். விஷயம் என்னவென்று டாக்டருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு தாள். தற்காலிகத் தலைவரை நியமித்தவர்களே பெரும்பான்மையாகச் சேர்ந்து அந்த நியமனத்தை விலக்கிக்கொள்ளலாம் என்று கட்சி விதி சொல்கிறது. கொடுத்த வாக்கை மீறியதால் விலக்கிக்கொள்கிறோம் என்று நாலு வரி. பதினொரு பேரில் ஆறு பேர் போதும். கீழே ஆறு கையெழுத்துகள் இருந்தன. முதல் ஐந்தும் அவர் எதிர்பார்த்தவை. ஆறாவதின் கடைசி எழுத்து வாலை நீட்டி, தாளின் ஓரம் வரைக்கும் போயிருந்தது. தன் கல்யாணப் பத்திரிகையை அச்சடித்துக் கொடுத்தவரின் கையெழுத்தை அவருக்குத் தெரியாதா?

பன்னிரண்டு மணிக்கு அவருடைய புத்தகங்கள் இரண்டு அட்டைப் பெட்டிகளில் வாசலுக்கு வந்துவிட்டன. கார் இல்லை. வாடகை வண்டி பிடித்து வீட்டுக்குப் போனார். சாயங்காலம் மனைவி வந்ததும் தாளின் நகலை அவளிடம் நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீதிமன்றத்தில் சான்று ஆவணத்தைப் பார்ப்பது போல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என் தம்பி கையெழுத்துதான்," என்றாள். "கை நடுங்காம போட்டிருக்கான்." தாளை மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ரொம்ப நேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் டாக்டர் அச்சகத்துக்குப் போனார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வக்கீலின் முகம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. மை காய்வதற்காகக் கம்பிகளில் வரிசையாக அதே முகம் தொங்கியது. மச்சான் அவரைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்களால அந்த ஆலைய மூட முடியாது, அத்தான். எத்தன தடவ கையெழுத்துப் போட்டாலும் முடியாது. வக்கீலால முடியும். நான் கையெழுத்துப் போட்டா மூடறேன்னு சொன்னாரு."

"கொறடாகிட்ட என்ன சொன்னாராம்?"

"மூட மாட்டேன்னு சொல்லியிருப்பாரு."

"அப்புறம் எத வச்சு நம்புன?"

"அவருக்கு மாடும் ஒண்ணுதான், மனுஷனும் ஒண்ணுதான். ஆனா கொறடாவோட பலமே அந்த ஆலைதான். நாற்காலி கிடைச்சா முதல்ல அதுலதான் கை வைப்பாரு. அத நம்பினேன்."

டாக்டர் கம்பியில் தொங்கிய முகங்களைப் பார்த்தபடி, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்களே எழுந்திருச்சு வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் லிப்டைப் பிடித்து வைத்திருந்ததும், அறைக்குள் நுழைந்தவுடன் எல்லோரும் எழுந்ததும் அவருக்குப் பிடித்துப் போயிருந்தது. மச்சானுக்கு அது தெரிந்திருக்கிறது. அநேகமாக மனைவிக்கும் தெரிந்திருக்கும். டாக்டர் வெளியே வந்தார். தெருமுனை வரை போன பிறகே இயந்திரம் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.

ஆறு மாதம் வரை காத்திருக்காமல் இரண்டு வாரத்தில் தேர்தலை நடத்தினார்கள். டாக்டரும் கொறடாவும் நிற்காததால் ஓட்டுச் சீட்டில் ஒரே பெயர்தான் இருந்தது. வக்கீல் பதவி ஏற்ற மறுநாள் காலை ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். டாக்டர் எழுதிய அதே ஆணை. அவசரத்தில் அவர் விட்டிருந்த ஓர் எழுத்துப் பிழையைக்கூட யாரும் திருத்தவில்லை. மதியத்துக்குள் அதிகாரிகளும் காவலர்களும் ஆலை வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஐந்து மணிக்குப் புகை நின்றது. கொறடா அப்போது பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தாராம். செய்தியைக் கேட்டு வாயை மூட மறந்துவிட்டார் என்று ஊர் சிரித்தது. அடுத்த நாள் அவருடைய ஆட்களில் பாதிப் பேர் வக்கீல் பக்கம் நின்றார்கள்.

டாக்டர் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். ஆலைக் கதவில் முத்திரை வைப்பதைக் காட்டினார்கள். நல்லது நடந்துவிட்டது என்று முதலில் தோன்றியது. பிறகு நாட்களை எண்ணிப் பார்த்தார். அவர் முட்டி மோதியும் ஒன்பது வாரமாக நடக்காத காரியம், ஒரே மதியத்தில், விளக்கை அணைப்பது போல முடிந்திருந்தது. வேண்டும் என்று நினைத்தவுடன் இப்படி முடிக்கிற ஒருவர், நாளைக்கு வேறு என்னவெல்லாம் வேண்டும் என்று நினைப்பார்?

"கணக்கா ஒன்பது வாரம்," என்றாள் மனைவி.

அடுத்த வாரம் பெண் மருத்துவர் அழைத்தார். காப்பாற்ற முடியாத மாடுகளை ஊசி போட்டு முடிக்க வேண்டும், தனி ஆளாக முடியவில்லை, வர முடியுமா என்று கேட்டார். டாக்டர் பழைய பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். இரண்டு நாளில் நாற்பத்தொரு மாடுகள். ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவிக்கொடுத்துவிட்டே ஊசி போட்டார்.

மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூடத்து வழியாக நடந்து போனார். உள்ளே குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை கதவைத் தாண்டி வெளியே வந்திருந்தது. ஒருத்தரும் சத்தம் போடவில்லை. அத்தனை குழந்தைகள் இருக்கும் இடத்தில் அவ்வளவு அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை. வரிசையின் கடைசியில் ஆறேழு வயதுப் பெண் குழந்தையோடு ஒரு தாய் நின்றாள். ஆலையில் வேலை பார்த்தவள். சீருடைச் சட்டையையே போட்டிருந்தாள். அவர் பையைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கான டாக்டரா என்று விசாரித்தாள். இல்லை, மாடுகளுக்கு என்றார்.

அவள் அதற்காகப் பேச்சை நிறுத்தவில்லை. "போன வருஷம் இவ தன் பேர முழுசா எழுதுவா. இப்ப பாதி எழுதிட்டு நிறுத்திடறா. மறந்துபோச்சுங்கறா," என்றாள். குழந்தை தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பால்லதான் இருந்துச்சுன்னு சொல்றாங்க," என்றாள் தாய். "இது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கெல்லாம்?"

டாக்டர் தேதியைச் சொன்னார். அவள் மனதுக்குள் எதையோ பின்னோக்கி எண்ணுவது தெரிந்தது. பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பத்திரிகையிலோ சுவரொட்டியிலோ பார்த்த முகம்.

"அப்ப நீங்கதான தலைவரா இருந்தீங்க?"

ஆணை அன்றைக்கே எழுதியது, சட்டத் துறை அமுக்கியது, தற்காலிகம் என்பதால் யாரும் கேட்காதது, ஆறு கையெழுத்து என்று சொல்ல எத்தனையோ இருந்தது. எல்லாம் உண்மைதான்.

"ஆமா," என்றார்.

அவள் திட்டவில்லை. வரிசை ஓரடி நகர்ந்தது. அவள் குனிந்து, குழந்தையின் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட ஆரம்பித்தாள்.